சோத்தாங்கை

அன்பு மகனுக்கு,

எழுதிப் பழக்கமில்லாத ஆள் எழுதுகிறேன். போனிலேயே பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு நீ பேசிய பேச்சைக் கேட்டுப் போனை வைத்தவன், அதற்குப் பிறகு அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, உன் அப்பன் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயந்தாங்கொள்ளி எழுதுவதை ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் படி. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீலாவை மதுரைக்கு அனுப்ப மாட்டேன். உங்கள் ரசிகர் கூட்டத்து மேடையில் என் பேத்தி ஏற மாட்டாள். அவள் உள்ளங்கையில் சூடம் கொளுத்த இன்னொரு தடவை நான் விட மாட்டேன். நீ கோபப்படுவாய், தெரியும். கோபப்பட்டுக்கொண்டே படி.

மருமகள் செல்வி லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாத்தூர் வந்து இறங்கியபோது நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். நீலா ஓடிவந்து ஒரு கையால் என் காலைக் கட்டிக்கொண்டாள். மற்ற கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மிட்டாயை ஒளித்து வைத்திருக்கிறாள், வீட்டுக்குப் போய்ப் பிடுங்கி விளையாடலாம் என்று நானும் விட்டுவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, பருப்புச் சோற்றை இடது கையால் அள்ளிக்கொண்டிருந்தாள். உன் அம்மா அதட்டினாள். "ஏட்டி, இதென்ன புதுப் பழக்கம்? சோத்தாங்கை எங்க போச்சு?" நீலா தன் அம்மாவைப் பார்த்தாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை வலது கையை மெதுவாக எடுத்து விரித்துக் காட்டியது. உள்ளங்கை நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்பளம். சுற்றிலும் சிவந்து கிடந்தது. "தாத்தா, நான் அழவே இல்ல. அப்பா என்னையக் குட்டி நீலன்னு சொன்னாங்க," என்றாள். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா, ஒங்க மகன் ஒரு தடவ ரிகர்சல் பாத்தாக. சின்னத் துண்டு சூடந்தான். மேடையில வெத்தலைய வச்சு அதுமேல கொளுத்துவோம், சுடாதுன்னு சொல்லுதாக," என்றாள் செல்வி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். "வேண்டாம்னு சொன்னா, ஒனக்கு நம்பிக்கை இல்லன்னு சொல்லி மூஞ்சியத் திருப்பிக்கிடுதாக. நான் என்ன செய்ய மாமா?" அவளைத் திட்டுவதா, தேற்றுவதா என்று தெரியாமல் நின்றேன். பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து போட்டுக்கொண்டு வந்து உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம். ஒரு கொப்பளத்துக்கு இம்புட்டுப் பேச்சா? அம்மா எனக்காகத் தீச்சட்டி எடுக்கலையா? அது பக்தி, இது கொடுமையா?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க ஓடுன ஆளு. உங்களுக்கு இது புரியாதுப்பா," என்றாய். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாய். வைத்துவிட்டேன்.

எனக்குப் புரியாது என்கிறாயே, நீலனை உனக்குக் காட்டியது யார்? 'தணலூர்க் காவலன்' சின்னச் சின்னப் புத்தகமாக வந்துகொண்டிருந்த காலம். சாத்தூர் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் அடுத்த பாகம் வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டு அந்தக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரிப்பார். கம்பெனி லீவான ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என் வயிற்றில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாய், நான் சத்தமாக வாசிப்பேன். தாய் தகப்பன் இல்லாத நீலன் மலையூருக்கு வந்து சேர்ந்ததும், ஆசான் அவனை எடுத்து வளர்த்ததும், பின்னால் அவன் எரிகிற கோட்டைக்குள் புகுந்து எதிரியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் எல்லாம் நான் வாசித்து நீ கேட்டதுதான். கோட்டை எரிகிற அத்தியாயத்தை மட்டும் நீ கேட்காமலே நான் இரண்டு தடவை வாசிப்பேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "தகப்பனும் மகனும் சேந்து எந்தக் கோட்டையப் பிடிக்கீக? எண்ணெய் தேச்சுக் குளிக்க வாங்க," என்று கத்துவாள். உன் பிள்ளைக்கு நீலா என்று பேர் வைத்தபோது முதலில் சந்தோஷப்பட்டதும் நான்தான். இன்றைக்கும் எனக்கு நீலனைப் பிடிக்கும். அதனால்தான் கூடுதலாகப் பயமாக இருக்கிறது.

ஆசான் அவனைச் சோதித்த இடம் இரண்டாம் பாகத்தில் வருகிறது. நீலன் சின்னப் பையன். ஆசான் ஊரார் முன்னால் கேட்கிறார், "என்னை நம்புகிறாயா?" என்று. அவன் நம்புகிறேன் என்கிறான். "நம்பினால் கை நீட்டு." நீட்டிய உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்துகிறார். அது அணைகிற வரைக்கும் நீலன் அசையவில்லை. அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறீர்கள். அந்தச் சோதனையைத்தான் ஞாயிற்றுக்கிழமை மேடையில் உங்கள் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்டப்போகிறீர்கள். நீ அனுப்பிய லிங்கில் போய் உங்கள் ரசிகர் பக்கத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஆசான் கொடுமைக்காரர் இல்லை, உலகம் கொடுமையானது, அவர் பையனைத் தயார் செய்தார் என்று ஒருவர். அந்தச் சுடர் இல்லாவிட்டால் நீலனே இல்லை என்று இன்னொருவர். குருவை நம்புவது என்றால் கேள்வி கேட்காமல் நம்புவதுதான் என்று ஒரு பெண். யாரோ ஒரு பிள்ளை மட்டும், இது சின்னப் பையனுக்குச் சூடு வைப்பதுதானே என்று பயந்து பயந்து கேட்டிருந்தது. அதற்கு விழுந்த பதில்களில் ஒன்று உன் பேரில் இருந்தது. "வலியைத் தாங்காதவர்களுக்கு இந்தக் கதை புரியாது." அதைப் படித்துவிட்டு, இது என் மகன்தானா என்று பேரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பயத்தைப் பற்றி உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேனாக இருந்த காலமெல்லாம், புதிதாக வேலைக்கு வருகிற ஆளிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பயமா இருக்கா?" "பயமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே," என்று நெஞ்சை நிமிர்த்துகிறவனை வெடிமருந்து இருக்கிற ரூம் பக்கமே விட மாட்டேன். லேபிள் ஒட்டப் போ என்று அனுப்பிவிடுவேன். "கொஞ்சம் பயமாத்தாண்ணே இருக்கு," என்று தலையைச் சொறிகிறவனைத்தான் உள்ளே கூட்டிப்போவேன். எனக்கு முன்னால் இருந்த போர்மேனும் என்னை இப்படித்தான் கேட்டுச் சேர்த்தார். பயப்படுகிறவன், உரசினால் பற்றிக்கொள்ளும் என்று மருந்து வாளியைத் தரையில் இழுக்க மாட்டான், தூக்கி வைப்பான். சீசன் நேரத்தில் ஆர்டர் நிற்கிறது, லோடு போகணும் என்று ஆபீசிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கத்தினாலும் கை வேகத்தைக் கூட்ட மாட்டான். நாளாக நாளாகப் பயம் விட்டுப்போய், பாட்டுப் பாடிக்கொண்டு மருந்து அள்ளுகிற ஆளைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் வரும். அவனை மறுநாளே வேறு வேலைக்கு மாற்றிவிடுவேன். தீபாவளிக்கு நீ கையில் பிடித்துச் சரவெடி கொளுத்தப் போனபோது நான் தெருவே பார்க்க உன்னை இழுத்துக்கொண்டு வந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதற்கு அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கம்பெனியில் கடைசி ஷெட் வெடித்தது. நான் ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன். "ஓடுங்க, தூக்குவாளிய எடுக்காதீக, செருப்பப் பாக்காதீக, ஓடுங்க!" திரும்பி நின்ற பொம்பளைகளைக் கல்லை விட்டெறிந்து விரட்டினேன். கடைசி ஷெட்டில் கருப்பசாமி அண்ணன் இருந்தார். உன்னைத் தோளில் தூக்கி வைத்துப் பொருட்காட்சி காட்டிய அதே கருப்பசாமி அண்ணன்தான். நான் உள்ளே போகவில்லை. பக்கத்து ரூம்கள் அடுத்தடுத்து வெடிக்கும் என்று தெரியும், அப்படியே வெடித்தன. கேட்டுக்கு வெளியே ஓடி வந்த அத்தனை பேரும் அன்றைக்குத் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர்ப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "போர்மேனே மொத ஆளா ஓடிட்டாரு," என்றார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது நீ எதிரில் வந்து நின்றாய். "நீலனா இருந்தா உள்ள போயிருப்பான்லப்பா?" என்று கேட்டாய். அன்றோடு நீ என்கூடப் படிப்பதை விட்டுவிட்டாய். அடுத்து வந்த பாகங்களை நீ தனியாக மாடியில் வைத்துப் படித்தாய், நான் வேலைவிட்டு வந்து அதே புத்தகத்தைக் கீழே வைத்துப் படித்தேன்.

அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். நீலன் உள்ளே போயிருப்பான். போயிருந்தால் வெளியேயும் வந்திருப்பான், ஏனென்றால் அவனை வெளியே கொண்டுவர எழுதுகிறவர் ஒருத்தர் இருந்தார். எங்கள் ஷெட்டை யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நான் உள்ளே போயிருந்தால் நீ என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருப்பாய், உன் அம்மா வேறு மாதிரி வாழ்ந்திருப்பாள். கருப்பசாமி அண்ணனை நினைத்து இன்றைக்கும் நான் அழுகிறேன். ஆனால் ஓடியதற்காக வெட்கப்படவில்லை. எனக்கு இருக்கிற பயம் வேறே. அப்பன் ஓடியவன் என்கிற அவமானத்தைத் துடைக்கத்தான் நீ ஓடாத ஒருத்தனைப் பிடித்துக்கொண்டாயோ, அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் பச்சைப் பிள்ளையின் கையை நீட்டச் சொல்கிறாயோ என்று தோன்றுகிறது. அப்படி இருந்தால் என்னைத் திட்டு. ஊரைக் கூட்டி வைத்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவளை விட்டுவிடு.

தீச்சட்டியைப் பற்றிக் கேட்டாயே, அதற்கும் வருகிறேன். உனக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைப்பாயா மாட்டாயா என்று கிடந்தபோது நேர்ந்துகொண்டு, விருதுநகர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு உன் அம்மா தீச்சட்டி எடுத்தாள். வேப்பிலையை அடியில் கொடுத்து, எரிகிற சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் நடந்தாள். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். நீ சொன்னதும் எனக்கு அதுதான் கண்ணுக்கு வந்தது. நெருப்பு நெருப்புத்தானே, நம்பிக்கை நம்பிக்கைதானே, இவன் கேட்பதில் என்ன தப்பு என்று குழம்பிப்போனேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் போய் நீ கேட்டதைச் சொன்னேன். அவள் அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் என் கையிலதான எடுத்தேன்? அவன் கையிலயா வச்சேன்?" என்றாள். அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "அவனுக்கு அம்புட்டு நம்பிக்கை இருந்தா அவன் கைய நீட்டச் சொல்லுங்க," என்றாள். அவள் சாமி கும்பிடுகிறவள், உன் கதையை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பரணில் ஏறி இரண்டாம் பாகத்தைத் தேடி எடுத்தேன். சூடம் அணைந்த பிறகு ஊரார் ஆர்ப்பரிக்கிறார்கள். அந்த ஆர்ப்பரிப்போடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது என்றுதான் உங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கீழே இன்னும் இரண்டு வாக்கியம் இருக்கிறது. "அன்று நீலன் இடக்கையால் சோறு உண்டான். ஆசான் அதைப் பார்க்கவில்லை." எடுத்துப் பார், அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே திரும்பி வந்தது. நான் அந்த வரியை வாசித்ததும் நீ என் வயிற்றிலிருந்து தலையைத் தூக்கினாய். கண் இரண்டும் நிறைந்திருந்தது. "ஆசான் ஏம்ப்பா பாக்கல?" என்று கேட்டாய். எனக்கு அடுத்த அத்தியாயத்தில் வருகிற சண்டைக்குப் போக அவசரம். "வேல இருந்திருக்கும்லே. இந்தா, சண்டை வரப்போகுது, கேளு," என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். நீ விடவில்லை. "வலிக்கும்லப்பா? யாராச்சும் ஊட்டி விட்டிருக்கலாம்லப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்தக் கதையை உங்கள் கூட்டத்தில் நன்றாகப் படித்த ஆள் அந்த ஏழு வயதுப் பையன்தான். அவன் எங்கே போனான் என்று தெரியாமல்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இதைச் சொல்லத்தான் கடிதமே. உன் அம்மா விளக்கேற்றி, தட்டில் சூடம் காட்டிவிட்டு, எல்லாரும் ஒற்றிக்கொள்ளத் தட்டை நீட்டினாள். நான் ஒற்றிக்கொண்டேன். செல்வி ஒற்றிக்கொண்டாள். நீலா வந்து தட்டுக்கு முன்னால் நின்றாள். நாம் எல்லாரும் செய்கிறபடி அவள் கையைக் கவிழ்த்துச் சுடருக்கு மேலே காட்டவில்லை. கொப்பளம் உடைந்து தோல் உரிந்திருக்கிற அந்த வலது கையை மல்லாத்தி, தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் காத்துக்கொண்டு நின்றாள், ஐயா. நாங்கள் எடுத்து வைப்போம் என்று காத்துக்கொண்டு நின்றாள். உன் அம்மா தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். ஆமாம், மறுபடியும் ஓடினேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு காதுக்குள் கேட்டாள். "தாத்தா, எனக்குப் பயமா இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிறாதீங்க. அப்பா பேச மாட்டாங்க." சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். என் கம்பெனியில் பயமாக இருக்கிறது என்று சொன்னவர்களை நான் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உன் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறது.

சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதை உன்னிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. நீ வந்து அதை அவளிடம் காட்டிக்கொடுத்து என்னைக் கெட்டவனாக்கிவிடாதே. செல்வியையும் ஒரு வார்த்தை சொல்லாதே. அவளுக்கு உன்மேல் இருக்கிற பிரியத்தில்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள், இப்போது அவளும் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மேடைதான் பெரிது என்றால் போ, உன் கூட்டாளிகளோடு இரு. பிள்ளைகளை மேடையேற்றுகிற மற்றத் தகப்பன்மாரிடமும் உன் அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு இரு. இல்லையென்றால் சாத்தூருக்கு வா. பாசஞ்சரில் வந்தால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். சண்டை போட வேண்டாம், கதையைப் பற்றிப் பேசவும் வேண்டாம். உன் அம்மா ஐந்து பேருக்கும் சேர்த்துச் சமைத்து வைப்பாள். நீலா பக்கத்தில் உட்கார். அவள் இன்னும் இடக்கையால்தான் சாப்பிடுகிறாள், பாதிச் சோறு கீழேதான் விழுகிறது. நீ வேறு எதுவும் செய்ய வேண்டாம். அவள் சாப்பிடுவதைப் பார்.

இப்படிக்கு,
பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா